என் சார்ஜர் கொல்லல

பரவால்ல சார், சொருகுங்க. வெடிக்காது. வெடிச்சாலும் பக்கத்துல நானும்தானே உக்காந்திருக்கேன், ரெண்டு பேரும் சேர்ந்தே போவோம். அந்தப் ப்ளக் இல்ல, தூணுக்குப் பின்னாடி ஒண்ணு இருக்கு பாருங்க, அது. மத்ததெல்லாம் சும்மா, அழகுக்கு வச்சிருக்காங்க. காலையில இருந்து இந்த வெயிட்டிங் ஹால்லதான் உக்காந்திருக்கேன். எந்தப் ப்ளக்குக்கு உயிர் இருக்கு, எந்த ஃபேன் சுத்தும், எந்த சேர் ஆடும், எல்லாம் எனக்கு அத்துப்படி.

இருங்க இருங்க, அவசரப்படாதீங்க. நடுவுல இத மாட்டணும். இதுவா? மீட்டர் சார். பாக்கத்தான் பொடிசு. சார்ஜருக்கும் ஒயருக்கும் நடுவுல வச்சா, எத்தன வோல்ட்டு வருது, எத்தன ஆம்பியர் போவுதுன்னு புட்டுப் புட்டு வச்சிடும். மத்த பொம்பளைங்க கைப்பையில சீப்பு வச்சிருப்பாங்க, நான் இத வச்சிருக்கேன். எங்க வீட்டுக்காரர் இதுக்கு ஒரு பேரு வச்சிருக்காரு, அத வெளியில சொல்ல முடியாது.

ஆமா, லேப்டாப் சார்ஜர்தான். என் பொண்ணோடது. அவளுக்கு ஆபீஸ்ல புதுசு குடுத்தாங்கன்னு இத என் தலையில கட்டிட்டா. அறுபத்தஞ்சு வாட்டுன்னு போட்டிருக்கே, அதானே உங்க பயம்? அட, அது என்னால இவ்ளோ குடுக்க முடியும்னு சொல்றது சார். குடுத்தே தீருவேன்னு அடம் புடிக்கறது இல்ல. பெரிய அண்டா நிறைய சோறு இருக்குன்னு வைங்க, அதுக்காக நம்ம வயிறு வெடிச்சிடுமா? வேண்டியத மட்டும் போட்டுக்கிட்டு எந்திரிச்சிடுவோம்ல? ஆம்பியரு அந்த அண்டா மாதிரி. அது எவ்ளோ பெருசா இருந்தாலும் போனு தனக்கு வேண்டியத மட்டும்தான் எடுத்துக்கும். சின்ன அண்டாவா இருந்தா சாப்பாடு மெதுவா நடக்கும், அவ்ளோதான்.

வோல்ட்டு அப்படி இல்ல. வோல்ட்டு வந்து ஊட்டி விடற கை. அது வேகமா திணிச்சா தொண்டைய அடைச்சிடும். அதனால வோல்ட்டுதான் பொருந்தணும். ஆம்பியர் கூட இருக்கலாம், குறையவும் இருக்கலாம், வோல்ட்டு மட்டும் மாறவே கூடாது. பாருங்க, அஞ்சுன்னு காட்டுதா? உங்க போனு பொழச்சிச்சு.

ஐயோ, பிடுங்காதீங்க! ஒம்போதுன்னு மாறினதுக்கா இப்படிப் பதறுறீங்க? உங்க போனே கேட்டு வாங்குது சார் அது. எனக்கு ஒம்போது தாங்கும், குடுன்னு இது சொல்லும், சரி இந்தான்னு அது குடுக்கும். கேக்காத போனுக்கு அஞ்சுக்கு மேல ஒரு சொட்டு குடுக்காது. நல்ல சார்ஜரோட குணம் அது. வாயில்லாத ரெண்டு பொருளு, எவ்ளோ அழகா பேசி முடிவு பண்ணிக்குது பாருங்க. நம்ம வீட்டுல நடக்குமா?

இல்ல சார், எலக்ட்ரீஷியன் எல்லாம் இல்ல. தையல். ரெடிமேட் துணிக்கடையில ஆல்ட்ரேஷன் போடறேன். கடைக்காரங்க இடுப்பு எல்லாருக்கும் ஒண்ணுன்னு நெனச்சுத் தச்சு அனுப்பிடுவாங்க, நான் பிரிச்சுப் புடிச்சு ஆளுக்கு ஏத்தாப்புல ஆக்குவேன். இந்த சார்ஜர் படிப்பெல்லாம் வேற வழியில்லாம வந்தது. என் மேல ஒரு கொலக் கேசு இருக்கு.

பயந்துட்டீங்களா! ஆள இல்ல சார், போன. எங்க அக்கா போன நான் கொன்னுட்டேன்னு கேசு. போட்டவ, வாதாடினவ, தீர்ப்பு சொன்னவ, எல்லாம் அவளேதான்.

இந்த ஊர்லதான் அக்கா பார்லர் வச்சிருக்கா. இந்த ஸ்டாண்ட விட்டு வெளிய போனீங்கன்னா நேரா ஒரு தெரு, அப்புறம் ஒரு திருப்பம், மாடிப்படிக்குக் கீழ ஒரு கண்ணாடிக் கதவு. கல்யாணப் பொண்ணு அலங்காரம்னா அவதான். அவ கை பட்டா போதும், கட்டில்ல இருந்து அப்படியே எந்திரிச்சு வந்த பொண்ணு கூட பளபளன்னு ஆயிடும். போன வருஷம் எங்க வீட்டுக்கு வந்து தங்கினா. சும்மா வரல, நான் நாள் பூரா மெஷின் மிதிக்கறேன்ல, கால் வலிக்குதுன்னு எப்பவோ போன்ல புலம்பினத மனசுல வச்சிருந்து, பாதத்துக்கு மசாஜ் பண்ற மெஷின் ஒண்ணு வாங்கிட்டு வந்தா. அவ அப்படித்தான். வாய் மட்டும் கத்திரிக்கோல், மனசு பஞ்சு.

அன்னிக்கு அவ போன்ல சார்ஜ் இல்ல. அவ சார்ஜர எடுத்துட்டு வரல. நான் பெரிய மனுஷி மாதிரி இந்த சார்ஜர்ல போட்டு விட்டேன். ஐயையோ, இது லேப்டாப்போடது, என் போனு தாங்காதுன்னு குதிச்சா. ஒண்ணும் ஆகாது, போய்ப் படுன்னேன். காலையில பாத்தா போனு கட்ட. என்ன அமுக்கினாலும் உயிர் இல்ல. அக்கா போட்ட சத்தத்துல மேல்வீட்டுக்காரங்க இறங்கி வந்துட்டாங்க.

போனு போனா போவுதுங்க. அதுக்குள்ள அவ கஸ்டமர் நம்பர் பூரா இருந்துச்சு. வருஷக்கணக்கா சேத்தது. எந்தப் பொண்ணுக்கு எந்த க்ரீம் ஒத்துக்காது, யாருக்கு முடி கொட்டுது, எல்லாம் போனுக்குள்ள. கடைக்கு வந்தவங்க பாதிப் பேரு காணாம போயிட்டாங்க. அவ கோவம் நியாயம்தான் சார், நான் இல்லன்னு சொல்லல. ஆனா நீதான் கொன்னன்னு ஒரே புடியா புடிச்சா பாருங்க, அத என்னால முழுங்க முடியல. நானும் வாய விட்டேன். உன் ஓட்ட போனுக்கு நான் பொறுப்பான்னு கேட்டேன். புது போன் வாங்கின கையோட என் நம்பரயே பிளாக் பண்ணிட்டா.

விடுவனா? போன் கடைக்காரர்கிட்ட போய் உக்காந்தேன். பக்கத்து வீட்டு வாத்தியார் மனுஷன் சாப்பிடும்போது போய் நோண்டினேன். இந்த மீட்டர வாங்கினேன். வீட்டுல இருக்கற சார்ஜர் ஒண்ணு விடல. அண்டா, ஊட்டற கை எல்லாம் நானா கண்டுபுடிச்ச உதாரணம் சார், வாத்தியாரே அசந்துட்டாரு. என் சார்ஜர் யோக்கியம்னு ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு, அக்காவத் தவிர.

அப்ப யாருதான் கொன்னான்னு கேளுங்க! ஆங், அப்படிக் கேளுங்க. ஒரு நாள் அந்த சின்ன ரூம கூட்டறேன். அக்கா படுத்திருந்த கட்டிலுக்குப் பின்னாடி ப்ளக்குல மசாஜ் மெஷினோட அடாப்டர் தொங்குது. மெஷின் என்னமோ, அக்கா மேல இருந்த கோவத்துல நான் தொடாமயே ஹால்ல கிடக்கு. அடாப்டருக்குக் கட்டில் பக்கத்துல என்ன வேலை? எடுத்துப் பாக்கறேன், நுனி அச்சு அசலா போன் சார்ஜர் நுனி. அதே அளவு, அதே வளைவு. மீட்டர்ல சொருகினேன். பன்னண்டு.

பன்னண்டு வோல்ட்டு சார்! இதுக்குக் கேக்கவும் தெரியாது, பேசவும் தெரியாது. மெஷின் மோட்டாருக்குன்னு செஞ்சது, எத மாட்டினாலும் பன்னண்டத்தான் திணிக்கும். என்ன நடந்திருக்கும்னு அப்படியே கண்ணு முன்னாடி வந்துச்சு. நான் தூங்கினதும் அக்கா எந்திரிச்சிருக்கா. என் லேப்டாப் சார்ஜர் பூதத்தப் புடுங்கி வச்சுட்டு, பாக்க சின்னதா, சாதுவா இருக்கேன்னு அந்த அடாப்டர மாட்டியிருக்கா. போனப் பத்திரமா பாத்துக்கறேன்னு நெனச்சுதான் மாட்டியிருக்கா, பாவம்.

ஆடினேன் சார். தொடப்பத்தக் கையில வச்சுக்கிட்டு அந்த ரூம்ல தனியா ஆடினேன். ஜெயிச்சுட்டேன்ல! அத்தானுக்குப் போன் போட்டேன், அக்கா வீட்டுக்காரருக்கு. அவரு நல்ல மனுஷன், எல்லாம் கேட்டுட்டு, இப்ப சொல்ல வேணாம்மா, அவளே பாதி கஸ்டமரப் புடிச்சு இப்பதான் நிமுந்திருக்கா, சொன்னா உடைஞ்சுடுவான்னாரு. ஜெயிச்சு என்ன ஆகப்போகுதுன்னு அப்பவும் எனக்குப் புரியல. இருக்கட்டும், நேரம் வரும்போது மூஞ்சிக்கு நேரா நீட்டறேன்னு அடாப்டர பத்திரப்படுத்திட்டேன். இதோ, இந்தப் பையிலதான் இருக்கு. ஐயோ, தொடாதீங்க, ஒண்ணும் பண்ணாது, இருந்தாலும் எனக்கு அதப் பாத்தாலே எரிச்சல்.

ஏன் இன்னிக்கு வந்தேன்னா, அடுத்த மாசம் என் பொண்ணுக்குக் கல்யாணம். சந்தோஷம் சார், நன்றி. பையன் நல்ல பையன். ஆனா பொண்ணு ஒரே புடியா நிக்கறா. பெரியம்மா வந்து தலை வாரலன்னா நான் மணமேடைக்கு வர மாட்டேன்னுட்டா. சின்னதுல இருந்து அவ தலையில அக்கா கைதான். நான் பின்னினா கோணும். தையக்காரிக்கு நேர்கோடு வரலியேன்னு அக்கா கிண்டல் பண்ணுவா.

அதான் காலையில முத பஸ்ஸப் புடிச்சு வந்தேன். அடாப்டர், மீட்டர், சார்ஜர், எல்லாம் எடுத்துக்கிட்டு, கோர்ட்டுக்குப் போறவ மாதிரி. இறங்கினேன். தெரு முனை வரைக்கும் போனேன். கண்ணாடிக் கதவு தெரிஞ்சுது. உள்ள அக்கா ஒரு பொண்ணுக்கு முடி வெட்டிக்கிட்டு இருந்தா. மெலிஞ்சுட்டா சார். கழுத்தெலும்பு தெரியுது. பாத்ததும் என் காலு அப்படியே திரும்பிடுச்சு. வந்து இங்க உக்காந்தவதான். கையில ஜெயிச்ச கேசு இருக்கு, கூடப் பொறந்தவ இல்லியே. இத வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணப் போறேன்?

சரி விடுங்க, உங்க போன் எவ்ளோ ஏறிச்சு? எட்டா? அடேங்கப்பா, சாவக் கிடந்தது எந்திரிச்சிடுச்சு பாத்தீங்களா. பேசுங்க, பேசுங்க, உங்க வீட்டம்மாகிட்ட மொதல்ல பேசிடுங்க. கிளம்பிட்டாங்களா? நல்லது. நன்றியெல்லாம் எதுக்கு சார்.

அது வந்து... ஒரு கால் மட்டும் பேசிக்கட்டுமா, உங்க போன்ல? என் போன்ல சார்ஜ் ஃபுல்லாதான் இருக்கு. என் நம்பர்தான் அவகிட்ட போகாதே. சும்மா கேக்கக் கூச்சமா இருந்துச்சு. இவ்ளோ பேரு போனாங்க வந்தாங்க, யாருகிட்டயும் வாய் வரல. நீங்க செத்த போன வச்சுக்கிட்டு ப்ளக்கு ப்ளக்கா அலைஞ்சீங்க பாருங்க, அப்பதான் தைரியம் வந்துச்சு. எடுப்பா சார். நம்பரெல்லாம் போனதுல இருந்து தெரியாத நம்பர்னா ஒரே ரிங்குல எடுப்பா. கஸ்டமரா இருக்குமோன்னுதான்.

ரிங் போவுது.

ஹலோ... ஆமாங்க, பார்லரா? கல்யாணப் பொண்ணு அலங்காரத்துக்குங்க. அடுத்த மாசம்... முடியா? இடுப்பு வரைக்கும் இருக்கும். சுருட்டைதான். ஆமா, உச்சியில ஒரு சுழி இருக்கு, அதனால வகிடு நிக்காது... எப்படித் தெரியும்னு கேக்கறியா? நீ சொல்லித்தான் எனக்கே தெரியும்.

வைக்காதக்கா. வைக்காத. ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு நானே வச்சிடறேன். என் சார்ஜர்தான்க்கா. ஆமா. நீ சொன்னது சரி, அது உன் போனுக்கு ஆகாது, நான்தான் திமிர்ல மாட்டினேன். நான்தான் கொன்னேன். போதுமா? இப்ப வந்து பொண்ணுக்குத் தல வாரு.

...அக்கா? இருக்கியா?

என்னது? எந்த மெஷின்? நீ எப்படி... அன்னிக்கேவா? சூடாச்சா? தலகாணிக்கு அடியிலயா வச்சிருந்த, அடிப்பாவி, உனக்கு ஏதாவது ஆயிருந்தா! அப்புறம் ஏன்டி என்னைச் சொன்ன? ...வெக்கமா? என்கிட்டயா? உனக்கு நானே ஜாக்கெட் அளவு எடுக்கறேன், என்கிட்ட என்ன வெக்கம்?

சார், அவளுக்கு மொதல்ல இருந்தே தெரியுமாம் சார்! சொல்ல முடியாம உக்காந்திருக்கா! இல்லக்கா, உன்கிட்ட இல்ல, இங்க ஒரு சார் இருக்காரு. ஸ்டாண்டுலதான். ஆமா, உன் ஸ்டாண்டுலதான்... காலையில இருந்து. திட்டாத. அழுவாத, கஸ்டமர் இருக்கா உள்ள, பாதி முடி வெட்டினபடியே நிக்கப் போவுது அந்தப் பொண்ணு. சரி, முடிச்சுட்டு வா. வா, நான் எங்கயும் போகல. அது வரைக்கும் பேசிக்கிட்டே இரு, நிறுத்தாத.

சார், உங்க வீட்டம்மா வர்ற வரைக்கும் இருக்கட்டுமா? எவ்ளோ இருக்கு, பத்தா? போதாது சார், ஒரு வருஷத்துப் பேச்சு பாக்கி. அந்த ஒயர மட்டும் ஆட்டாமப் புடிச்சுக்கங்க.