ரயிலுக்கு முந்திய வீடு

பாப்பிரெட்டிப்பட்டி பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவர் மடியில் புதுக் குழாய்கள் அடங்கிய பை.

“எங்க வூட்டுக்கு வயசு கொறஞ்சிருச்சு சுமதி. இப்பத்தான் மூச்சே வருது.”

காதைத் தீட்டிக்கொண்டேன்.

“என்னக்கா சொல்றீங்க?”

“ரயிலு வர்றதுக்கு முந்தியே கட்டுன வூடுன்னு மாமனாரு ஊரெல்லாம் சொல்லி வெச்சாரில்ல? ஊர்லயே பழைய வூடு, ஒரு செங்கல்லக்கூட பேத்தெடுக்கக் கூடாதுன்னு பங்காளிங்க ஒரே புடியா நின்னாங்க. எங்கூட்டுக்காரரு கால் ஒடஞ்சும் கொல்லையில இருக்கற கக்கூசுக்கு நொண்டிக்கிட்டுப் போறாரு.”

“பாவங்க்கா.”

“முந்தாநேத்து மழையில உத்தரத்துப் பூச்சு உழுந்துச்சு. உள்ள பாத்தா மரத்துக்குப் பதிலா பழைய தண்டவாளம்! ரயிலே வராதப்ப தண்டவாளம் எங்கிருந்து வருமாம்? ஊர் வரலாறு எழுதற வாத்தியாரே பாத்துட்டுச் சிரிச்சாரு. பங்காளிங்களும் சரின்னுட்டாங்க. நாளைக்கு உள்ளயே பாத்ரூம் கட்ட ஆரம்பிக்கறோம்.”

“நல்லதாப் போச்சுக்கா. அப்ப இனி ஊர்ல பழைய வூடு யாருது?”

“உங்களுதுதானாம். வாத்தியாரு சொன்னாரு.”

சுமதி போனைக் கையில் எடுத்தாள்.

“அக்கா, உங்க மேஸ்திரி நெம்பரு குடுங்க. எங்க உத்தரத்தையும் கொஞ்சம் சுரண்டிப் பாக்கோணும்.”