குறுக்குக் கையெழுத்து விழாத தபால்தலை

எல்கான் மலையடிவாரத்து நமிலா சந்தையில், கிசா சைக்கிள், தகரம், துணிக் கடையின் கல்லாவில் முப்பத்தோராண்டுக் காலம் வீற்றிருந்து, ரசீதுக்கு உயிரும் தபால்தலைக்கு முடிவும் தந்த தகைசால் காசாளரே! நா நனைத்து ஒட்டிய நேர்மையே! நாங்கள் அஞ்சிய கண்ணாடியே! அன்பு ரிஸ்பா நபுவிரே அம்மையீர்! பணி நிறைவு பெற்றுப் படியிறங்கும் தங்களுக்குப் பணியாளர் அனைவரும் பணிந்து படைக்கும் மடல் இது.

கடிதத்தில் ஒட்டும் தலையையே பெருந்தொகைக் கடை ரசீதிலும் வரிக்காக ஒட்ட வேண்டும் என்று சட்டம் சொன்னது. ஒட்டியதோடு நிறுத்தியவர் பலர். தாங்களோ பாதி தலைமீதும் பாதி தாள்மீதும் படும்படி குறுக்கே கையெழுத்து இழுத்து, அந்தத் தலை இனி எந்த உறையிலும் ஏறாதபடி செய்தீர்கள். எதிரில் ஈரப் பஞ்சு இருந்தும் தொட்டதில்லை, எல்லாம் நாக்குதான். மதிய உகாலிக் களியில் உப்பு இல்லை என்று தாங்கள் குறைப்பட்டதெல்லாம் பசை செய்த வேலை என்பது எங்கள் கருத்து.

துணிப் பிரிவில் அந்நாளில் மடித்துக்கொண்டிருந்த பெண் நெகேசா ஒருநாள் கெஞ்சியது நினைவிருக்கிறதா? "அம்மா, எங்க அப்பா தகரம் வாங்கின ரசீதுல மட்டும் கிறுக்காம விடுங்களேன். தண்ணியில ஊறப்போட்டு எடுத்து கடுதாசிக்கு ஒட்டிக்கறேன்." தாங்கள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "அது வரிடீ. வரியை உரிச்சு உறையில ஒட்டுவியா? நல்லாருக்கு உன் நியாயம்!" என்று சொல்லிக்கொண்டே வழக்கத்தைவிட நீளமாக இழுத்தீர்கள். அவள் மூன்று நாள் தங்களோடு பேசவில்லை. தாங்களும் சட்டை செய்யவில்லை.

அப்பேர்ப்பட்ட தாங்கள்தாம், கரும்பு விவசாயிகள் கைக்குப் பணம் வந்து சைக்கிள் வாங்கக் குவிந்த அந்த வாரத்தில் அந்தக் காரியத்தைச் செய்தீர்கள்!

பழைய தலைகள் தீர்ந்து புதியவை வராமல் ஊர் அஞ்சலகம் கைவிரித்திருந்த நேரம். காசு வாங்கிக்கொண்டு முத்திரை குத்தும் வழக்கம் அங்கே இல்லை. சந்தையில் எஞ்சியவை தங்கள் மிட்டாய் டப்பாவில் இருந்த ரசீதுத் தலைகள் மட்டுமே. நெகேசாவின் செவிலியர் பள்ளி விண்ணப்பம் அன்று மாலைப் பேருந்தில் ஏறியாக வேண்டும்; ஏறாவிட்டால் அந்த வருடமே போயிற்று. கேட்டால் ஏச்சுத்தான் கிடைக்கும் என்று பயந்து அவள் துணிக்கட்டுகளுக்குப் பின்னால் அழுதுகொண்டிருந்தாள். தாங்களே எழுந்து போய், "உறையைக் கொண்டா" என்றீர்கள். விலையை வாங்கி டப்பாவில் போட்டுவிட்டுத் தாங்களே நக்கி ஒட்டினீர்கள். சேதி பரவி, கடிதமும் கையுமாகச் சந்தையே கல்லாவின் முன் வரிசை கட்டியது. பேருந்து கிளம்புமுன் டப்பா காலி.

சைக்கிள் வாங்க வந்தவர்கள் தவித்தார்கள். மக்கோக்கா என்ற கரும்புக்காரர், "இன்னைக்கு ரெண்டு சக்கரம் குடுங்க, நாளைக்கு மிச்சம் வாங்கறேன். சில்லறையா வாங்கினா ஸ்டாம்பு வேண்டாமே!" என்றார். "சரி, பாலத்துல புதுச் சைக்கிளை நிறுத்தி ரசீது கேக்கற போலீஸ்கிட்ட சக்கரத்துக்கு மட்டும் ரசீது காட்டுங்க. மிச்சம் திருடினதுன்னு அவரே எழுதிக்குவாரு" என்றீர்கள்.

அந்நேரம் உள்ளே வந்தார் முதலாளி கிசா. இதோ முன்வரிசையில் சிரித்துக்கொண்டிருக்கிறார், அன்று சிரிக்கவில்லை.

"ஸ்டாம்பு இல்லாம எழுதிக் குடு, ரிஸ்பா."

"அதுல என் கையெழுத்து விழாது, முதலாளி."

"அப்ப எதுக்கு டப்பாவை ஊருக்குத் தானம் பண்ணின?"

"சைக்கிள் அடுத்த வாரமும் சைக்கிள்தான். அந்தக் கடுதாசி நாளைக்கு வெறும் காகிதம்."

"அடுத்த வாரம் நீ வர வேண்டாம்."

சாவியைக் கல்லாமீது வைத்துவிட்டுத் தாங்கள் நடந்தீர்கள். படிக்கும் பிள்ளைகள் மூவர் வீட்டில், கணவரும் இல்லை. அதை அறிந்தும் எங்களில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. அன்றைய எங்கள் மௌனம் எங்களுக்கு இன்றும் வெட்கம்தான்.

பிறகு தலைகள் வந்தன. முதலாளியே ஒட்டி, முதலாளியே இழுத்தார். மக்கோக்கா புதுச் சைக்கிளோடு பாலத்துக்குப் போனார், போலீஸ்காரர் ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது யார் கிறுக்கல்? ரிஸ்பா அம்மா கை இல்லையே!" என்று பொழுது சாயும்வரை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார். மறுநாள் சைக்கிள் கேட்டு வந்தவர்கள் எல்லாரும் முதலில் கேட்டது, "அம்மா எங்க?" என்பதே. முதலாளி தங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றபோது தாங்கள் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தீர்களாம். "ஸ்டாம்பு வந்திருச்சு, ரிஸ்பா. வா" என்றாராம். "நாக்கு காஞ்சு கிடக்கு. முதல்ல டீயைக் குடிப்போம்" என்றீர்களாம். மன்னிப்பும் கேட்கப்படவில்லை, டீக்கு வைத்த மண்டாசிப் பணியாரமும் மிஞ்சவில்லை என்று முதலாளியே சொல்லிச் சிரிக்கிறார்.

நெகேசா இன்று மாவட்ட மருத்துவமனையில் தலைமைச் செவிலியர். வேலை நேரத்துச் சீருடையோடே ஓடி வந்து இங்கே அமர்ந்திருக்கிறார்.

தாங்கள் மகள் வீட்டுக்கு மொம்பாசா போகிறீர்கள். கடற்காற்று தங்கள் மூட்டுக்கு இதமாகட்டும். பேரப்பிள்ளைகள் தங்கள் ஏச்சுக்குப் பழகட்டும். நோயின்றி, நொடியின்றி, நெடுநாள் வாழுங்கள்; வாயில் உகாலியின் ருசி ஒருவழியாகத் தெரியட்டும்!

இம்மடலின் அடியில் ஒரு தபால்தலை இருக்கிறது. நெகேசா தம் நாவால் நனைத்து ஒட்டியது. அதன் குறுக்கே கையெழுத்து இல்லை என்பதைத் தாங்கள் இந்நேரம் பார்த்திருப்பீர்கள், முகமும் சுளித்திருப்பீர்கள். மறந்துபோய் விட்டதல்ல, அம்மா. எங்கள் கையெழுத்துகள் எல்லாம் அதைத் தொடாமல் தள்ளியே இருக்கின்றன. இம்மடலை மாட்டியிருக்கும் கண்ணாடிச் சட்டத்தின் பின்னாணிகளையும் தளர்வாகவே அடிக்கச் சொன்னோம். ஊர் போய்ச் சேர்ந்ததும் அதைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்து, உறையில் ஒட்டி, எங்களுக்கு ஒரு கடிதம் போடுங்கள்.

தங்கள் கையெழுத்துக்குக் காத்திருக்கும்,
கிசா கடைப் பணியாளர்கள்,
நமிலா சந்தை.