துள்ளுமாவு வாங்கின பிள்ளைகள்

ஓடுகிறேன். தோளில் மகள். எட்டு மாதம். மூச்சு இழுக்கிறது. ஒவ்வொரு இழுப்புக்கும் விலாவில் குழி விழுகிறது. தெருவின் இரண்டு பக்கமும் விசைத்தறி. டடக் டடக். அவள் இருமுவது காதில் விழவில்லை. தோள் அதிர்கிறது. அதை வைத்துத் தெரிந்துகொள்கிறேன்.

“வெலகுங்க! பிள்ளைக்கு மூச்சு முட்டுது!”

சங்கரன்கோவிலில் ஆஸ்பத்திரி பக்கம்தான். அன்றைக்குத் தூரமாக இருந்தது.

இது தொடங்கியது ஆடி மாதத்தில். பக்கத்து வீட்டு மதினியின் மகனுக்கு மணல்வாரி. தட்டம்மையை அப்படித்தான் சொல்லுவோம். வாசலில் வேப்பிலை கட்டினாள். பெரியவர்கள் யாரும் உள்ளே போகவில்லை. அதுவரை சரி. வெள்ளிக்கிழமை அம்மனுக்குத் துள்ளுமாவு இடித்தாள். பச்சரிசியும் கருப்பட்டியும். அம்மை கண்ட வீட்டில் தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டு அதைக் கொடுப்பது வழக்கம்.

“ஏலே மக்கா, மாவு குடுக்கேன், ஓடியாங்க!”

ஓடினார்கள். நான் தறியில் நின்றேன். என் மகளை மதினி இடுப்பில் தூக்கிப் போனாள். அதே அறையில் அவள் மகன் பாயில் கிடந்து இருமினான்.

மறுநாள் நர்சம்மா வந்தார். தெருமுனையில் நின்று கத்தினார்.

“மாவு வாங்குன பிள்ளைகளக் கொண்டாங்க! மூணு நாளைக்குள்ள ஊசி போட்டாத் தடுக்கலாம்! ஆறு மாசம் ஆன கைப்பிள்ளைக்கும் போடலாம்!”

மதினி சிரித்தாள். “அம்மன் எறங்குன தெருவுல ஊசியா? அவளுக்கே வைத்தியம் பாக்க வந்தியளோ?”

தெருவும் சிரித்தது.

நான் மகளைத் தூக்கினேன். வீட்டுக்காரர் வாசலில் குறுக்கே நின்றார். “ஏட்டி, உள்ள போ. சாமி குத்தம் ஆயிரும்.” பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டார். மூன்று நாள் அப்படியே போனது.

அடுத்த வாரம் காய்ச்சல். கண் சிவந்தது. உடம்பெல்லாம் தடிப்பு. பிறகு நெஞ்சில் சளி கட்டியது.

ஆஸ்பத்திரி வாசல் தெரிகிறது. தோள் அதிரவில்லை.

படுத்த பிள்ளைகள் ஏழு. காது கேளாமல் போனது ஒன்று. செத்தது ஒன்று. என் மகள்.

கடைசி வீட்டுக்காரி மட்டும் நர்சம்மா வந்த அன்றைக்கே தன் மகனுக்கு ஊசி போட்டாள். அவனும் மாவு வாங்கினவன்தான். அவனுக்கு ஒன்றும் வரவில்லை. அந்த ஊசியால்தான் அம்மன் கோபப்பட்டு என் மகளை எடுத்தாளாம். தெரு அந்த வீட்டோடு பேசுவதில்லை. என் வீட்டுக்காரரும்தான்.