நீந்தத் தெரியாத கடற்பறவை

புயல் ஓய்ந்த மூன்றாம் நாள் காலை, எண்ணூரிலிருந்து இராயபுரம் சென்ற பேருந்தில் என் முன்னிருக்கையில் இருவர் அமர்ந்திருந்தனர். ஒருவர் மீனவர், அவர் மடியில் துணி மூடிய கூடை, அதற்குள் ஒரு பறவை. கூடைக்குள் எட்டிப் பார்த்த மற்றவர், கப்பலில் வேலை செய்தவர் என்பது பேச்சில் விளங்கிற்று.

மீனவர் அலுத்துக்கொண்டார்: “பேஜாரா கீது பாய்! கரையில வுழுந்து கெடந்துச்சேன்னு கடல்லியே வுட்டேன். முழுகப் பாத்துச்சு!”

“அதுக்கு நீச்சல் தெரியாது, அந்தோணி. எறகெல்லாம் நனைஞ்சி போவும்.”

“கடல் பறவைக்கு நீச்சல் தெரியாதா? உன் கப்பல் கதையை வேற எவன்கிட்டயாச்சும் வுடு!”

“நல்லா பாரு. ஒடம்பு மொத்தம் கருப்பு, வயித்துல மட்டும் வெள்ளை, வாலு கத்திரிக்கோல் மாதிரி. நான் கப்பல்ல போறப்ப பாத்த அதே பறவைதான்! ஒலகத்துலியே ஒரு தீவுலதான் கூடு கட்டும். இப்ப கொஞ்சந்தான் மிச்சம் கீது.”

“ரெண்டு நாளா குந்திகினே கீதே, செத்துடுமா?”

“தரையிலேருந்து அதால எழும்ப முடியாது. ஒசரத்துல வுடணும்.”

மீனவர் சன்னல் வழியே பார்த்தார். “மாதா கோயில் மணிக்கூண்டு போதுமா?”

அன்று ஒரு கூட்டத்தில் நான் பேசவேண்டிய மேடை இன்னும் இரண்டு நிறுத்தம் தள்ளியிருந்தது. ஆயினும் கோயில் நிறுத்தத்தில் அவர்கள் இறங்க, நானும் பின்னால் இறங்கினேன். மணிக்கூண்டின் உச்சிக்கு ஏறிய மீனவர் கூடையைக் கவிழ்த்தார். கரிய சிறகுகள் முதலில் சரிந்தன. பின்னர் காற்றைப் பற்றிக்கொண்டு நிமிர்ந்தன.

கீழே நின்ற நண்பரை நோக்கி மீனவர் கூவினார்:

“பாய்! கடல் பக்கம் போவுது! தண்ணியில மட்டும் எறங்காதேன்னு சொல்லு!”