மென்று ஊட்டிய வாய்

குழந்தை சாப்பிட்டால்தான் வீட்டில் மற்றவர்களுக்குச் சோறு இறங்கும். நீங்களும் பிள்ளை பெற்றவர் போலத் தெரிகிறது. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மைமை வாயைத் திறக்காத குழந்தை. அவளைச் சாப்பிட வைக்கத்தான் என்னை வேலைக்கு வைத்தார்கள். நான் சாப்பிட வைத்தேன். எப்படி என்று கேட்கிறீர்கள், சொல்கிறேன்.

என் பெயர் கே மெய்ஜுன். மலைப்பக்கத்துக் கிராமம். எனக்குப் பிள்ளை இல்லை. ஃபுச்சோவ் நகரத்தில் பிறத்தியார் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே வயதாகிவிட்டது. மைமையின் அம்மா வென்ச்சி வங்கியில் வேலை செய்கிறாள். அப்பா கப்பலில் இருக்கிறார், எப்போதாவது வருவார். நல்ல மனிதர்கள், குரலை உயர்த்தமாட்டார்கள், என்னைச் சித்தி என்றுதான் கூப்பிடுவார்கள்.

முதல் நாள் சாப்பாட்டில், மீனின் வயிற்றுத் துண்டை முள் நீக்கி நான் சாப்பிடும் குச்சியாலேயே எடுத்து வென்ச்சியின் கிண்ணத்தில் வைத்தேன். எங்கள் பக்கம் அதுதான் மரியாதை. தன் வாயில் பட்ட குச்சியால் எடுத்து வைத்தால், நீயும் நானும் ஒரே வீட்டார் என்று அர்த்தம். வென்ச்சி சிரித்துக்கொண்டே அந்தத் துண்டைக் காகிதத்தில் சுற்றி ஓரமாக வைத்தாள்.

“தப்பா நெனைக்காதீங்க சித்தி. எடுத்துப் போடறதுக்குத் தனிக் குச்சி நடுவுல இருக்கு பாருங்க. எச்சில் கலக்கறது எனக்கு ஆகவே ஆகாது.”

நான் தப்பாக நினைக்கவில்லை. அன்றிலிருந்து என் கிண்ணம் தனி, குச்சி தனி, என் துணி மிஷினில் தனியாகத்தான் சுழலும். நான் பிடித்த கதவுக் கைப்பிடியைக்கூட ஸ்பிரிட் நனைத்த காகிதத்தால் துடைப்பாள். பூங்காவில் எங்களைப் போன்ற ஆயாக்கள் கூடுவோம். அங்கே தாங் அக்கா ஒருநாள் கேட்டாள், “ஏன்டி மெய்ஜுன், உன்னையும் ஒரு துடை துடைச்சுத்தான் உள்ள விடறாளா?” எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் அதை மறக்கவில்லை.

மைமைக்குக் கரண்டியைக் கண்டாலே அழுகை. ஒருநாள் வென்ச்சி வேலைக்குப் போன பிறகு, சேப்பங்கிழங்கை வாயில் போட்டு நன்றாக மென்று, கூழாக்கி, விரலில் எடுத்து அவள் நாக்கில் தடவினேன். முழுங்கிவிட்டு மறுபடி வாயைத் திறந்தாள். எங்கள் ஊரில் எல்லாரும் இப்படித்தான் வளர்ந்தோம். அப்புறம் கிழங்கு, மீன், கஞ்சி எல்லாம் என் வாய் வழியாகத்தான் போயிற்று. பேச்சு வந்ததும் அவளே கேட்பாள், “சித்தி, மென்னு தா.” வென்ச்சி வந்து காலிக் கிண்ணத்தைப் பார்த்து, “உங்க கையில என்ன மந்திரம் வெச்சிருக்கீங்க சித்தி?” என்பாள்.

பிறகு ஒரு காய்ச்சல் வந்தது. கழுத்தில் நெறி கட்டி, கண் இமைகள் வீங்கி, குழந்தை துவண்டு கிடந்தாள். எச்சில் வழியாக வருகிற வைரஸ் என்றார் டாக்டர். பெரியவர்கள் பலர் வாயில் அது சும்மா கிடக்குமாம். காய்ச்சல் விட்டது, வயிற்றுவலி விடவில்லை. மாதக்கணக்காகச் சாப்பிட்டதும் சுருண்டுகொள்வாள். கடைசியில் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். இரைப்பையின் உள்தோல் முழுக்கச் சிவந்து வீங்கியிருந்ததாம். அங்கே அந்த வைரஸும் இருந்தது, கூடவே வயிற்றுக் கிருமி ஒன்றும் இருந்தது. ஒன்றுக்கொன்று துணையாகக் குழந்தையை அரித்துக்கொண்டிருந்தன.

“வீட்டுல இவளுக்கு ஊட்டறது யாரு?” என்று டாக்டர் கேட்டார். அந்த வயிற்றுக் கிருமி இருந்தால் மூச்சிலேயே தெரிந்துவிடுமாம், எல்லாரும் ஒரு பையில் மூச்சை ஊதினோம். கிருமி என் மூச்சில் மட்டும் இருந்தது.

அதுவரை எனக்கு எதுவும் தெரியாது. அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

வென்ச்சி கேட்டாள், “சித்தி, மென்னா குடுத்தீங்க?” ஆமாம் என்றேன். வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள். அவள் ஓங்கரித்து வாந்தி எடுத்த சத்தம் வராந்தா வரைக்கும் கேட்டது. முகம் கழுவிக்கொண்டு வந்து என்னிடமே மன்னிப்புக் கேட்டாள். திட்டியிருந்தால் பொறுத்திருப்பேன். எனக்கும் மாத்திரை வாங்கித் தந்து, “நீங்களும் முழுங்குங்க சித்தி, கொழந்தைக்கு நல்லானா போதும்” என்றாள்.

மைமைக்குக் குணமாயிற்று. கன்னம் உப்பி, அம்மா கையால் கரண்டியில் சாப்பிடத் தொடங்கினாள். நான் முத்தமிடக் குனிந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். “வேணாம், சித்தி வாய் கப்பு.” மூன்று வயதுக் குழந்தைக்கு அந்த வார்த்தையை யார் சொல்லிக்கொடுத்தது? அடுத்த வாரம் வென்ச்சி, “புது வருஷத்துக்கு ஊருக்குப் போனா, அவசரப்பட்டுத் திரும்ப வேணாம் சித்தி. மைமை பாலர் பள்ளிக்குப் போகப்போறா” என்றாள். பட்டணத்தில் வேலையை விட்டு நிறுத்துவதை இப்படித்தான் சொல்வார்கள்.

வென்ச்சி தந்த மாத்திரைகளில் ஒன்றைக்கூட நான் முழுங்கியிருக்கவில்லை, எல்லாம் பாத்திரம் தேய்க்கும் தொட்டியின் குழாயில் போயின. மறு பரிசோதனையை எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் செய்துகொண்டதாகவும் எல்லாம் சரி என்றும் சொன்னேன். வென்ச்சி நம்பினாள். பல் துலக்குவதை நிறுத்தினேன். அந்தக் கிருமி பல்லில் படியும் அழுக்கிலும் தங்கும் என்று டாக்டரே சொல்லியிருந்தார். கிருமி வயிற்றிலிருந்து வாய்க்கு எழும்பி வருவது என்பதால், புளித்த ஏப்பம் வரும்வரை காத்திருந்து அப்புறம்தான் மெல்வேன். பால்கனியில் காயும் துணிகளுக்குப் பின்னால் வைத்து ஊட்டுவேன். முதலில் மறுத்தாள். மூக்கைப் பிடித்தால் எந்தக் குழந்தைக்கும் வாய் திறக்கும். வெளியே துப்பியதை வழித்து மறுபடி ஊட்டினேன். உணவை வீணாக்குவது எனக்குப் பிடிக்காது.

வலி திரும்பியது. வலிக்கும்போது அவளுக்கு என் மடிதான் வேண்டும், வயிற்றைத் தடவ என் கைதான் வேண்டும். வென்ச்சி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள். “போயிராதீங்க சித்தி, உங்களை விட்டா எங்களுக்கு யாரிருக்கா?” பிடித்த கையை அவள் அப்புறம் துடைக்கவில்லை. அந்த வீட்டில் எனக்குச் சந்தோஷமான நாள் அதுதான்.

அதனால் மைமைக்குக் குணமான ஒவ்வொரு முறையும் அதையே செய்தேன். கடைசித் தடவை வயிற்றுக்குள் ரத்தம் கசிந்து மலம் தாராய்க் கறுத்தது, குழந்தை காகிதமாய் வெளுத்தாள். சந்தேகப்பட்ட டாக்டர் சொல்லி, பால்கனியில் கேமரா வைத்திருக்கிறார்கள். நீங்கள் காட்டிய படத்தில் இருப்பது நான்தான். ஆமாம், தெரிந்தேதான் செய்தேன். என்ன ஆகும் என்று தெரிந்து, அது ஆக வேண்டும் என்றே செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

ஆனால் நேற்று நீங்கள் வென்ச்சியை உள்ளே விட்டது சரியில்லை. தலைகூட வாராமல் வந்திருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கெஞ்சினாள்.

“அவ யார் குடுத்தாலும் வாயத் தெறக்க மாட்டேங்கறா. மூக்குல குழாய் போட்டிருக்காங்க, அதையும் புடுங்கறா. நீங்க எப்படி ஊட்டுவீங்க, என்ன சொல்லி ஊட்டுவீங்க? சொல்லுங்க சித்தி. எனக்குக் கிருமி ஒண்ணும் இல்ல, நான் வேணா மென்னு குடுக்கறேன்.”

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. நீங்கள்தான் அவளிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். பெற்றவளே ஆனாலும் எச்சில் எச்சில்தான். குழந்தைக்கு ஏதாவது ஒட்டிக்கொண்டால் யார் பொறுப்பு?