ஏணியில் விழுந்த கால்

கசக்காத தாயி, அந்தச் சீட்டை. உள்ள போனதும் டாக்டரு கேப்பாரு. மடியில வையி. ஒம் மாமியா டீ வாங்கிட்டு வாறதுக்கு நேரமாவும், கேன்டீன்ல லைனு நிக்கி.

பேச்சுலயே தெரிஞ்சிச்சு, நம்ம பக்கம்னு. தாராவியா? கோவண்டியா, சரி. நான் மாட்டுங்கா லேபர் கேம்ப். பேரு சொர்ணம்.

காலா? அது பழசு. மாடி ரூமுக்கு ஏறுற இரும்பு ஏணி இருக்கும்லா, அதுல இருந்து விழுந்துட்டேன். இருவத்தேழு வருசமாச்சு. தொங்கப்போட்டா வீங்கிரும், அதாம் பெஞ்சுல நீட்டி வச்சிருக்கேன். நீ நல்லா உக்காரு, இடிச்சாலும் வலிக்காது.

எனக்கு வருசத்துக்கு ஒருக்கா மாரைப் படம் எடுக்கணும். எங்கம்மா மாருல கான்சர் வந்துதான் செத்தா. பெறவு எந்தங்கச்சி பானுமதிக்கு ஒரு கட்டி. எடுத்துப் பாத்தாவ. கான்சர் இல்ல, ஆனா செல்லு நல்ல மாதிரியா இல்லன்னாவ. ஒனக்கும் அதையேதான சொன்னாவ? ம். சீட்டைப் பாத்ததுமே தெரிஞ்சிட்டு. தெனம் ஒரு மாத்திரை, அஞ்சு வருசம்.

அந்தத் தாளைக் காட்டினாரா டாக்டரு? வரிசை வரிசையா பொம்பளை படம் போட்டிருக்குமே. மாத்திரையால கான்சர் வராமத் தப்பிச்சவளுவளுக்கு ரோஸ் கலரு. ரத்தம் உறைஞ்சு கட்டிக்கிட்டவளுவளுக்கு நீலம். ஆயிரம் பேருல நீலம் நாலோ அஞ்சோதான். பானு விரலை வச்சு எண்ணுதா. எண்ணிட்டு, இதுல நாம எந்த லைன்ல நிக்கோம்க்கான்னு கேக்கா, தண்ணி பிடிக்கப் போனவ மாதிரி. டாக்டரே சிரிச்சிட்டாரு. அவளுக்கு எங்க போனாலும் வாய் நிக்காது.

நல்ல டாக்டரு தாயி. அவசரப்படுத்தல. கான்சர் வாறது பாதியாக் கொறையலாம்னாரு. ஆனா ரத்தம் கட்டுற கொணம் வீட்டுல ஏற்கெனவே இருந்தா கதை வேற, அப்ப இந்த மாத்திரையை யோசிக்கணும், வேற வழி பாக்கணும்னாரு. சொல்லிட்டுக் கேட்டாரு. அப்பா அம்மா, கூடப் பொறந்தவங்க, யாருக்காவது கால்லயோ நெஞ்சுலயோ க்ளாட் வந்திருக்கான்னு.

ஹிந்தியிலதான் கேட்டாரு. எங்க ரெண்டு பேருக்கும் மார்க்கெட்டு ஹிந்திதான வரும். விஜயலட்சுமிதான் தமிழ்ல எடுத்துச் சொன்னா. அவ அப்ப இங்க மவுசி, வார்டு பெருக்கித் தொடைக்கிற வேலை. நம்பர் போட்டுத் தந்ததும் அவதான். அவ மகன் பேச்சிராஜாவுக்குத்தான் பானு மகளைப் பேசி வச்சிருந்தோம்.

நீயே சொல்லு. சம்மந்தக்காரி எதிர்க்க நின்னு, ஒங்க குடும்பத்துல யாருக்காவது அப்படி உண்டான்னு கேக்கா. என்ன சொல்லுவோம்? பொண்ணு பாக்க வந்தன்னைக்குச் சொன்னதைத்தான் சொல்லுவோம். அம்மாவுக்குக் கான்சர் வந்தது ஊருக்கே தெரியும், அதை மறைக்க முடியாது. அதுக்கு மேல இன்னொண்ணு வேறயா? எங்க குடும்பத்துல அப்படி ஒருத்தருக்கும் கிடையாதுன்னேன். பட்டுனு சொன்னேன். டாக்டரு எழுதிக்கிட்டாரு.

பானு மாத்திரையை ஒழுங்காத்தான் சாப்ட்டா. ஒரு நாள் விட்டதில்ல. ஏழாம் மாசம் கெண்டைக்கால் வலிக்குன்னா. ஒரு காலு மட்டும். கல்யாணத்துக்கு அலையுத வலின்னு நெனச்சுக்கிட்டா. ஒரு காலு வீங்கினா ஒடனே வந்துரணும்னு சொல்லித்தான் விட்டிருந்தாவ. வெள்ளிக்கிழமை தாலிக்குப் பொன்னுருக்கு முடியட்டும்க்கா, சனிக்கிழமை போவோம்னா. வெள்ளிக்கிழமை காலையில கொடத்தைத் தூக்கிட்டு வந்தவ, மூச்சு வரலன்னு வாசப்படியில உக்காந்தா. கொடத்தை எறக்கி வைக்கக்கூட இல்ல. மடியிலயே இருந்துச்சு. கால்ல கட்டுன ரத்தம் நெஞ்சுல போயி அடைச்சிட்டுன்னாவ.

அழாத. மாத்திரையைக் குத்தம் சொல்ல வரல. எங்க பக்கத்து வீட்டு சாயிமா நாலு வருசமா அதைத்தான் சாப்பிடுதா, நல்லா இருக்கா.

கல்யாணமா? நடந்துச்சு, மூணு மாசம் தள்ளி. பானுவை எடுக்கும்போது விஜயலட்சுமி அழுதுக்கிட்டே சொல்லுதா, எங்க வீட்டுக்காரருக்கும் கால்ல இதே க்ளாட் வந்ததுதான் மதினி, பொண்ணு தரமாட்டியளோன்னு சொல்லாம இருந்துட்டோம்னு. அவ கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். நான் அப்பவும் வாயைத் தொறக்கல.

ஒன்கிட்ட எதுக்குச் சொல்லுதேன்னா, காலையில அந்த நர்சு ஃபாரம் எழுதுச்சுல்லா, அப்ப ஒம் மாமியா முந்திக்கிட்டு பதில் சொன்னாவ. எம் மருமவ வீட்டுல அப்படி யாருக்கும் கிடையாதுன்னு. நீ தலையைக் குனிஞ்சிக்கிட்ட. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். யாரு, அம்மாவா? அண்ணனா? வேண்டாம், என்கிட்டச் சொல்லாத. உள்ள சொல்லு. தனியாப் போயிச் சொல்லு. மாத்திரை வேணுமா வேண்டாமான்னு பெறவு அவரு பாத்துக்கிடுவாரு.

பானுவுக்கு எப்படித் தெரியும்? அவளுக்கு அப்ப பதினாலு வயசு, ஊர்ல சித்தி வீட்டுல படிச்சிக்கிட்டிருந்தா. நான் தலைப்பிள்ளை பெத்து பத்தாம் நாளு. காலு வாழைத்தண்டு மாதிரி வீங்கிட்டு. அம்மாதான் தூக்கிட்டு ஓடினா. ரத்தம் கட்டியிருக்குன்னு ஆறு மாசம் மருந்து குடுத்தாவ. மாமியா வீட்டுல என்ன சொல்லன்னு அம்மாதான் யோசிச்சா. ஏணின்னு சொல்லிருன்னா. அன்னையில இருந்து ஏணிதான். எங்க வீட்டுக்காரருக்கும் ஏணி, பானுவுக்கும் ஏணி. ஒன்கிட்டயும் வந்ததும் அதத்தான சொன்னேன்.

அந்தா, ஒன் நம்பர்தான் கூப்பிடுதாவ. ஒம் மாமியாளும் வந்துட்டாவ. எந்திரி. சீட்டை எடுத்துக்கோ.

அக்கா, நீங்க இருங்க. டீயை இப்படி வைங்க. எனக்குக் காலு மரத்துப் போச்சு, தனியா எறக்க முடியல. இதைக் கொஞ்சம் தாங்கிப் பிடிங்க. முழங்காலுக்குக் கீழ, ஆமா. அவ போவட்டும், சின்னப் பிள்ளையா என்ன.

இதுவா? பிள்ளை பெத்தப்ப ரத்தம் கட்டினது, அக்கா. இல்ல, வலிக்கல. விட்டுராதீய, இன்னும் கொஞ்ச நேரம்.