செவ்வாயில் ஒரு போர்வெல்

காந்திபுரத்தில் டவுன் பஸ் ஏறி, ஜன்னலோர சீட் கிடைத்த நிம்மதியில் கண்ணை மூடியிருந்தேன். முன் சீட்டில் ஆபீஸ் அட்டை மாட்டிய இரண்டு பெண்கள். சின்னவள் சொன்னது காதில் விழுந்ததும் தூக்கம் போய்விட்டது.

"செவ்வாய்க் கிரகத்துல போர்வெல் போட்டும் தண்ணி வரலீங்க்கா."

"என்ன கண்ணு சொல்ற?" என்றாள் மூத்தவள்.

"வெளையாட்டுங்க்கா. ஞாயித்துக்கிழமை நாலு பேர் உக்காந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாப் பேசியே கதைய ஓட்டுவோம். கதைய நடத்தறது கார்த்தி. படத்துல வர்ற மாதிரி வேத்துக்கிரகத்துக்காரங்களோட சண்டைன்னு ஒரு மாசமா எழுதி வெச்சிருந்தான்."

"செரி."

"நாங்க செவ்வாய்ல எறங்குனதும் போர்வெல் எங்க போடறதுன்னு பேச்சு வந்துருச்சு. உள்ளங்கைல தேங்கா வெச்சு நீரோட்டம் பாக்கோணும்னேன். ராக்கெட்ல ஏது தேங்கான்னு அவனுக்குக் கோவம். அடுத்த வாரமும் சண்டை வரலீன்னா ஆட்டத்தையே நிறுத்திப்போடுவேன்னுட்டான்."

"அப்பறம்?"

"நேத்து அவனே அந்தக் கிரகத்துத் தளபதியா வந்து துப்பாக்கிய நீட்டுனானுங்க்கா. எனக்கு வாய் சும்மா இருக்குதா? 'ஏனுங்க, உங்க பக்கம் எத்தனை அடில தண்ணி வந்துச்சுங்க?'ன்னு கேட்டுப்போட்டேன்."

"சுட்டுப்போட்டானா?"

"எங்க சுட்டான்? துப்பாக்கியக் கீழ வெச்சுப்போட்டு, 'ஆயிரத்தி எரநூறு அடிங்க. அதுவும் உப்புத் தண்ணி'ன்னு உக்காந்துட்டான்."

மூத்தவள் உச்சுக்கொட்டினாள்.

"பாவம், அங்கயுமா!"